குறுக்குக் கீறல்

உடைப்பதுதான் அவள் வேலை. விரல் தடிமனுள்ள எஃகுக் கம்பியை இயந்திரத்தில் மாட்டி, ஒரு முனையில் எடையைத் தொங்கவிட்டு, அது சுழன்று சுழன்று களைத்து இரண்டாக முறியும்வரை காத்திருக்க வேண்டும். எத்தனை சுற்றில் முறிந்தது என்று மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த கம்பியை மாட்ட வேண்டும். வருடக்கணக்காக இதையே செய்துகொண்டிருப்பவளை ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் ‘உடைசல் அக்கா’ என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு நேராகவே. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்பட நேரமும் இல்லை.

வீட்டில் இந்த வேலையை விளக்குவதுதான் பெரும்பாடு. மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேத்தியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, மதியம் கூட்டிவந்து, தூங்கவைத்து, எழுப்பி, மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விசாரணையை ஆரம்பித்துவிடுவார்.

“ஏம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அது உடைஞ்சா நல்லதா, உடையாட்டா நல்லதா?”

“பதம் போட்ட கம்பி உடையக் கூடாது மாமா. போடாதது சீக்கிரம் உடையணும். அப்பதான் நம்ம பதம் நல்ல பதம்னு அர்த்தம்.”

“ஒருத்தன் கெட்டாத்தான் இன்னொருத்தன் நல்லவன்னு தெரியுமாக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் டீ போடப் போய்விடுவார்.

பதம் என்று அவள் சொன்னது உலைச் சமாச்சாரம். மிதமான சூட்டில், வாயு நிரம்பிய உலைக்குள் கம்பியை நெடுநேரம் வைத்தால் அதன் மேல்தோல் இறுகும். விரிசல் பெரும்பாலும் மேல்தோலில்தான் கிளம்பும் என்பதால், தோல் இறுகினால் ஆயுள் கூடும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சூட்டை இன்னும் குறைத்தாலும் அதே பலன் கிடைக்குமா என்று பார்த்ததுதான் அவளுடைய ஆராய்ச்சி. கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை, வாரிக் கொடுத்தது. வெறும் கம்பியைக் காலையில் மாட்டினால் சாயங்காலத்துக்குள் முறிந்தது. பதம் போட்டது மூன்று நாலு நாள் இழுத்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமல் விலகி நின்றன. ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுக்க அந்த இடைவெளியைப் பற்றித்தான். மற்ற அத்தியாயங்கள் அதற்கு முட்டுக்கொடுக்க வந்தவை.

அவளுடைய கைடு எதற்கும் வாக்குக் கொடுக்காத மனிதர். எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். அதனால் பார்க்கலாம் சார் என்றே பெயர். அவரே அந்த வரைபடத்தைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அதை வைத்து இரண்டு பேர் பெயரிலும் ஒரு கட்டுரை வெளியாயிற்று. துறையில் யாராவது விருந்தாளி வந்தால் அவர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவார்.

இத்தனைக்கும் அவள் நிலைமை கத்தி மேல் நடப்பதுதான். பிரசவம் ஒரு பக்கம், நடுவில் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது ஒரு பக்கம் என்று பதிவுக்காலத்தை ஏற்கெனவே நீட்டி, மறுபடியும் நீட்டி வாங்கியாயிற்று. இதற்கு மேல் நீட்டிக்க விதியிலேயே இடமில்லை. இந்தப் பருவம் முடிவதற்குள் பட்டம் கைக்கு வந்தால் உண்டு. இல்லாவிட்டால் இத்தனை வருடமும் ஆற்றில் கரைத்த புளிதான். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாயிற்று, வெளியூரிலிருந்து பேராசிரியை வருவதும் உறுதியாயிற்று என்றதும் அவள் கொஞ்சம் மூச்சுவிட்டாள்.

அந்த மூச்சு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. தேர்வில் திரையில் காட்ட ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது. உடைந்த கம்பிகளைப் போட்டுவைத்த டப்பாவிலிருந்து ஒரு வெறும் கம்பியை எடுத்து, அதன் முறிந்த முகத்தைப் படமெடுக்க நுண்நோக்கியின் அடியில் வைத்தாள். துண்டு சாய்ந்துவிட்டது. முறிந்த முகத்துக்குப் பதில் பக்கவாட்டுத்தான் தெரிந்தது. நிமிர்த்தப் போன கை அப்படியே நின்றது. கம்பியைச் சுற்றி, வளையல் வளையலாக, மெல்லிய கீறல்கள். அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் கம்பி முறிந்திருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. கடைசல் இயந்திரமான லேத்தில் கடைந்த கம்பியைக் கையில் பிடித்து, உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே ஓடும் கீறல் ஒன்றுகூடக் கண்ணில் படாதவரைக்கும் தேய்க்க வேண்டும். நீளக் கீறலால் தீங்கில்லை. குறுக்குக் கீறல், துணியின் ஓரத்தில் கத்தரியால் லேசாக வெட்டிக் கொடுப்பது மாதிரி. கிழிசல் அங்கேதான் தொடங்கும். பதம் போட்ட கம்பிகள் அத்தனையையும் அவள் விரல் தோல் உரிய அப்படித்தான் தேய்த்திருந்தாள். வெறும் கம்பிகளை அவள் தேய்க்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வேலை நின்றுபோகக் கூடாதே என்று, அவள் கணவன் தேய்த்துக் கொடுத்தான்.

அவனும் இதே துறைதான். ஆராய்ச்சியை முடித்துவிட்டு இங்கேயே தற்காலிக ஆசிரியராக இருந்தான். ஆனால் அவன் ஆராய்ச்சியில் கையில் கறை ஒட்டாது. காற்றும் வெப்பமும் குழாய்க்குள் எப்படி ஓடும் என்பதைக் கணினிக்குள்ளேயே பார்த்து முடித்தவன். அவள் மாடியேறி அவன் அறைக்குப் போனபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான்.

“அந்த வெறும் கம்பியெல்லாம் எப்படித் தேய்ச்சே?”

“எந்தக் கம்பி?”

“நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப.”

“அதுவா. லேத்துல மாட்டிச் சுத்தவிட்டு, உப்புத்தாளைப் பிடிச்சேன். கண்ணாடி மாதிரி வந்துச்சே. நீயே பார்த்துட்டு அசந்துபோனே.”

அசந்துபோனது உண்மை. கைக்குழந்தையோடு திரும்பி வந்தவளுக்கு அவன் அந்தக் கம்பிகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது கண் கலங்கிவிட்டது. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தன. பளபளப்பைப் பார்த்தாளே தவிர, பக்கத்தில் வைத்துக் கீறலைப் பார்க்கவில்லை. நன்றிக் கடனில் இருப்பவர்கள் சோதனை போடுவதில்லை.

“ஏன், என்ன ஆச்சு?” என்றான். அவனும் பொறியாளன்தானே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, சுழலும் கம்பியில் பிடித்த தாள் குறுக்கேதான் கீறும் என்பது மெல்ல உறைத்தது. கையிலிருந்த சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்தான். இரண்டு பேரும் இறங்கி வந்து டப்பாவிலிருந்த வெறும் கம்பிகளை ஒவ்வொன்றாக நுண்நோக்கியில் பார்த்தார்கள். எல்லாம் அப்படியே இருந்தன. அப்படியென்றால் நாலாம் அத்தியாயத்தின் அந்தப் பெரிய இடைவெளியில் பதத்தின் பங்கு எவ்வளவு, கீறலின் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பார்க்கலாம் சார், அவள் காட்டிய கீறல் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“சந்தேகத்தை வச்சு ஒரு அத்தியாயத்தை எரிக்க முடியாதும்மா. கம்பி மிச்சம் இருக்கா?”

“பதம் போடாதது ரெண்டு இருக்கு சார்.”

“ஒழுங்கா தேய்ச்சு ஓட்டிப் பாருங்க. பழையபடியே சாயங்காலத்துக்குள்ள உடைஞ்சா, கீறலால ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும். நிம்மதியா தேர்வுக்கு வாங்க.”

இது நியாயமான பேச்சு. அவள் அன்றைக்கே உட்கார்ந்து முதல் கம்பியை நீளவாக்கில் தேய்த்து, மறுநாள் காலையில் மாட்டினாள். தன் வேலையில் முதல் முறையாக ஒரு கம்பி உடைய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். மீட்டர் ஒவ்வொரு எண்ணாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அலுவலகத்தில் தேர்வுக்கான தாள்களைக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. கணவனைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போனாள். வரிசையில் நிற்கும்போது போன் வந்தது.

“உடைஞ்சிருச்சு,” என்றான். “பழைய கணக்குக்குக் கிட்டத்தட்ட அப்படியே. சாருக்கும் சொல்லிட்டேன். அப்பாவுக்கும் சொல்லிட்டேன்.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம் காரணமில்லாமல் சிரித்தாள். ஓடிவந்து பார்த்தால் அவன் இரண்டு துண்டையும் மேசைமேல் வைத்து, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவள் துண்டைக் கையில் எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள். கம்பி நடுவில், மெலிந்த இடத்தில் முறிய வேண்டும். இது இயந்திரத்தின் பிடிக்குள் போகும் இடத்தில், பிடியின் விளிம்பு உரசி உரசி முறிந்திருந்தது. எஃகின் ஆயுள் அல்ல, பிடியின் குறும்பு. இந்தச் சோதனை செல்லாது.

அவனுக்குத் தெரியாது. மற்றப் பிள்ளைகளும் அப்போது இல்லை. சொல்லாமல் துண்டை டப்பாவில் போட்டு மூடியிருந்தால் உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரிந்திருக்காது. அந்த டப்பாவின் மூடியை அவள் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பிடியில உடைஞ்சிருக்கு. இதை எடுத்துக்க முடியாது.”

“உடைஞ்சது உடைஞ்சதுதானே?”

“இல்ல.”

அவன் முகம் தொங்கிப்போயிற்று. கைடிடம் போய்ச் சொன்னபோது அவரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார், கொஞ்சம் படித்த வார்த்தைகளில். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு வந்து கடைசிக் கம்பியை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். இந்த முறை பிடியின் விளிம்பையும் வழித்து மழமழப்பாக்கி, கம்பி கோணாமல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்து மாட்டினாள்.

அது உடையவில்லை. சாயங்காலம் தாண்டியது. அடுத்த நாள் காலையில் வந்து கதவைத் திறக்கும்போது சத்தம் நின்றிருக்கக் கூடாதா என்று காதைத் தீட்டினாள். ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானமும் ஓடியது. ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விஷயம் கசிந்துவிட்டது போலும், உள்ளே வருகிறவர்கள் மீட்டரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவளைப் பார்க்காமல் போனார்கள். தான் வருடக்கணக்கில் போட்டு உடைத்த இரும்பெல்லாம் சேர்ந்து இந்த ஒற்றைக் கம்பிக்குள் புகுந்துகொண்டு பழிவாங்குகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தடவை அந்த எடைத் தட்டின்மேல் கை வைத்து அழுத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் கைடு அவளை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினார்.

“ஒரு கம்பியை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. கேட்டா சொல்லுங்க. கேட்கலைன்னா, பட்டத்தை வாங்கிட்டு, அப்புறமா நிதானமா எல்லாத்தையும் திருப்பிச் செஞ்சு திருத்திக்கலாம். கட்டுரையில என் பேரும் இருக்கும்மா.”

அவள் “சரி சார்” என்றாள். அந்த ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, மாமனார் பேத்தியை வெளியே அழைத்துப் போன நேரத்தில் கணவனிடம் சொன்னாள். நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள்.

“பைத்தியமா உனக்கு? இன்னொரு தடவை கிடையாது. தெரியும்ல?”

“தெரியும். அந்தப் பதத்தை நம்பி யாராவது வண்டி அச்சுல போட்டாங்கன்னா?”

“யாரும் நாளைக்கே போடப் போறதில்ல.” அவன் சன்னல் பக்கம் போய் நின்றான். திரும்பாமலே பேசினான். “நான் உனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். அதுவும் இப்படி ஆயிடுச்சு.”

“உன்னை நான் குத்தம் சொல்லலை. பார்க்காம மாட்டினது நான்.”

“சொல்றதுன்னா சொல்லு. என் பேரை மட்டும் இழுக்காதே. இந்த மாசம்தான் என்னை நிரந்தரமாக்கறதைப் பத்திப் பேசறாங்க. அங்க உட்காரப் போறவங்கல்லாம் அதே ஆளுங்கதான்.”

“இழுக்கலை,” என்றாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் தேர்வு அறை நிரம்பியிருந்தது. வந்திருந்த பேராசிரியை வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். பின்வரிசையில் ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள், துறை ஆசிரியர்கள், சுவரோரமாகக் கணவன், அவன் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் மாமனார். அவள் நாலாம் அத்தியாயத்துக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். வரைபடத்தைக் காட்டினாள். இரண்டு கோடுகளும் வழக்கம்போல் விலகி நின்றன. பேராசிரியை சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். உலையின் சூடு, வாயுவின் அளவு, எடையின் கணக்கு. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். உப்புத்தாளைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

“நல்ல வேலை. எனக்கு வேற கேள்வி இல்லை,” என்று பேராசிரியை பேனா மூடியைக் கழற்றினார். கைடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பின்னால் யாரோ கைதட்டத் தயாராகும் அரவம் கேட்டது.

“மேடம், நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். கீறல் படத்தைத் திரையில் போட்டாள். பிடியில் உடைந்த கம்பியைச் சொன்னாள். கீழே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கம்பியையும், அது பதம் போட்ட கம்பிகளின் கணக்கை நெருங்கிக்கொண்டிருப்பதையும் சொன்னாள். கைடு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியை ஆய்வேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “குறுக்கே தேய்க்கக் கூடாதுன்னு முதல் வருஷப் பிள்ளைக்கே தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“எல்லாக் கம்பியையும் நீளவாக்குல கையால தேய்ச்சதா இங்க எழுதியிருக்கீங்க. வெறும் கம்பியையும் நீங்கதான் தேய்ச்சீங்களா?”

திரைக்கு முன்னால் நின்றவளுக்கு ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் பள்ளம் என்கிற மாதிரி இருந்தது. ஆம் என்றால் இவ்வளவு நேரம் பேசிய உண்மைக்கு அர்த்தமில்லை. இல்லை என்றால் அடுத்த கேள்வி என்னவென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் கணவன் இருந்த பக்கம் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள்.

“நான் தேய்ச்சேன் மேடம்,” என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் எழுந்து நின்றிருந்தான்.

“நீங்க யாரு?”

“அவங்க வீட்டுக்காரர். அவங்க பிரசவத்துக்குப் போயிருந்தப்ப, லேத்துல போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தேன். தப்புன்னு எனக்குத் தெரியாது.”

“நீங்க எந்தத் துறை?”

“இதே மெக்கானிக்கல்தான் மேடம்.”

பின்னால் ஒருவன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியாமல் இன்னும் சிலரும் சிரித்தார்கள். அவனை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் சிரிக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. மாமனார் மகனின் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். அவன் உட்காரவில்லை.

பேராசிரியை பேனாவை மூடினார். “நாலாம் அத்தியாயம் இல்லாம இது ஆய்வேடு இல்லை. புதுசா வெறும் கம்பி எடுத்து, ஒழுங்கா தேய்ச்சு, எல்லா எடையிலயும் மறுபடி ஓட்டிக் கொண்டு வாங்க. பதிவுக்காலம் முடியறதுக்குள்ள வந்தா படிச்சுப் பார்க்கறேன். வரலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.” பிறகு கைடின் பக்கம் திரும்பி, கட்டுரையைப் பற்றி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நானே எழுதிவிடுகிறேன் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

எல்லாரும் போய்விட்டார்கள். மாமனாரும் பேத்தியைக் கூட்டிவர வேண்டுமென்று கிளம்பிவிட்டார். ஒரே ஒரு இயந்திரம், இனிமேல்தான் கடைய வேண்டிய கம்பிகள், மிஞ்சியிருப்பது அரைப் பருவம். எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைத்தது. தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தரைக்கு அடியிலிருந்து இயந்திரத்தின் உறுமல் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஏன் எழுந்தே? உன் பேரை இழுக்க மாட்டேன்னு சொன்னேன்ல.”

“அதான் பயமே. வாயைத் திறந்தே பாரு, எனக்காகப் பொய் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்.”

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக் கண்ணில் உப்புத்தாளின் கருப்பு இன்னும் போகவில்லை.

“அந்தப் பொய்யைச் சொல்லத்தான் திறந்தேன்,” என்றாள்.

அவன் அவள் தோளில் சாய்ந்து, வெளியே யாருக்கும் கேட்காமல் அழுதான். அவள் தடுக்கவில்லை.